விடை புரிகிறது, கணக்கு வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 24. போட்டித் தேர்வுக்குத் தனியாகப் படித்துவருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டு, அதில் 60 கணக்குகள் வரை போடுகிறேன். புத்தகத்தில் உள்ள விடைமுறையைப் படித்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது. 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றுகிறது. ஆனால் மாதிரித் தேர்வில் அதே கணக்கு வேறு வேஷத்தில் வந்தால், எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறேன். பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான். இப்போது கேள்வித்தாள் ஆங்கிலத்தில். உள்ளுக்குள் தமிழில்தான் யோசிக்கிறேன். அதனால்தான் மெதுவாக இருக்கிறேனா? ஆங்கிலத்திலேயே யோசிக்கப் பழக வேண்டுமா? இல்லை, யோசிக்கும் திறனே எனக்குக் குறைவா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: 'ஒரு நாளைக்கு ஒரு பாடம், 60 கணக்குகள்.' உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைத் தீர்ப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. இது என்ன வகைச் சிக்கல், எந்த வழி இதற்குப் பொருந்தும் என்று கண்டுகொள்வது முதல் வேலை. கண்டுகொண்ட வழியில் பிசகாமல் நடந்துபோவது இரண்டாவது. புத்தகத்தின் விடைமுறை இரண்டாவது வேலையை மட்டுமே காட்டுகிறது. முதல் வரியை ஏன் அப்படித் தொடங்கினார்கள் என்பது அதில் அச்சாவதில்லை. வேறொருவர் தேர்ந்த வழியில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டு போகிறீர்கள்; எல்லாம் சரியாக இருப்பதால் 'புரிந்துவிட்டது' என்ற நிறைவு வருகிறது. அந்த நிறைவு பொய்யில்லை, ஆனால் அது இரண்டாவது வேலைக்கு மட்டும் உரியது. 'குழாயும் தொட்டியும்' என்று தலைப்பிட்ட பாடத்தில் 60 கணக்குகள் போடும்போதும் இதே கதைதான். என்ன வகை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நடப்பதற்கு 60 முறை பயிற்சி, கண்டுகொள்வதற்கு ஒருமுறைகூட இல்லை. தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது.

ஒரே வகையை வரிசையாகப் போடுவதால் இன்னொரு கெடுதலும் உண்டு. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட குவளைச் சோதனை அதைத் தெளிவாகக் காட்டியது. 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று குவளைகள். சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் ஊற்றி எடுத்துவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 அளவுக் குவளைகளைக் கொண்டு 20 எடுக்கச் சொன்னார். 23இலிருந்து 3ஐ எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் வரிசையாகப் பழகியவர்களில் பெரும்பாலோர் 49இலிருந்து 23ஐக் கழித்து, பின் 3, மறுபடி 3 என்று பழைய சுற்றுவழியிலேயே போனார்கள். முன்பழக்கம் இல்லாதவர்களுக்கோ நேர்வழி சுலபமாகக் கண்ணில் பட்டது. பழகிய வழி கையில் இருக்கும்போது, முன்னால் இருப்பதைப் பார்க்க மனம் மெனக்கெடுவதில்லை.

ஆகவே நான் முதலில் மாற்றச் சொல்வது நேரத்தையோ மொழியையோ அல்ல, கணக்குகளின் வரிசையை. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கனஅளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை ஒரு பிரிவினர் வகைவகையாகவும், மற்றொரு பிரிவினர் கலந்தும் போட்டார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்களுக்கு 89 விழுக்காடு சரி, கலந்து போட்டவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அது தலைகீழானது: வகைவகையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63.

இந்த நான்கு எண்களையும் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். கலந்து போடத் தொடங்கியதும் உங்கள் மதிப்பெண் இறங்கும். முன்பு 60க்கு 52 வந்த இடத்தில் 30 வரலாம். 'இருந்ததும் போய்விட்டது' என்று பயந்து பலர் இரண்டாவது வாரத்திலேயே பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த இறக்கம் நீங்கள் முதன்முறையாக முதல் வேலையைச் செய்யத் தொடங்கியதன் அடையாளம்.

செய்முறை இது. ஏற்கெனவே முடித்த பாடங்களில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து கணக்குகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். பாடத்தின் பெயர் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கட்டும். இருபது சீட்டையும் குலுக்கிப் பத்தை எடுத்து, அவற்றைத் தீர்க்காமல், 'இது எந்த வழியைக் கேட்கிறது, கேள்வியில் எது அப்படிச் சொல்கிறது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் இருபது. பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தவறாகக் கண்டுகொண்டவற்றை மட்டும் முழுதாகத் தீர்த்தால் போதும். முற்றிலும் புதிய பாடமாக இருந்தால் முதல் ஐந்தாறு கணக்குகளைச் சேர்த்தே போடலாம், தவறில்லை. வழியே தெரியாதபோது கலப்பதில் பயனில்லை. கை பழகியதும் அதையும் சீட்டுக்கட்டில் சேர்த்துவிடுங்கள்.

அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. 'தொட்டி என்று வருவதால் தொட்டிக் கணக்கு' என்று எழுதினால் பலனில்லை. மிச்சலின் சீயும் உடன் ஆய்ந்தவர்களும் 1981இல் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளம், சுருள்வில் என்று கண்ணில் படும் பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை போன்ற, உள்ளே இருக்கும் விதியை வைத்துப் பிரித்தார்கள்.

இதை ஒரு சோடிக் கணக்கில் பாருங்கள். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 3 மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும்? இன்னொரு கணக்கு: ஒரு பாதையின் முழு நீளத்தையும் கடக்க ஒருவருக்கு 6 மணி நேரம், மற்றவருக்கு 3 மணி நேரம். இரு முனைகளிலிருந்தும் எதிரெதிராக ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்போது சந்திப்பார்கள்? முதலாவதில் தண்ணீர், இரண்டாவதில் நடை. புத்தகத்தில் இவை வேறு வேறு பாடங்களில் இருக்கும். உள்ளே இரண்டும் ஒன்றே. ஒரு மணி நேரத்தில் முழுமையில் 1/6 பங்கும் 1/3 பங்கும் சேர்ந்து முடிகின்றன, கூட்டினால் 1/2, ஆகவே 2 மணி நேரம். 'ஒரே முழுமையை இருவர் சேர்ந்து தின்கிறார்கள். ஒரு மணி நேரப் பங்கைக் கூட்டு' என்பதுதான் சீட்டில் எழுத வேண்டிய வரி. மாறாக, ஒரு தொட்டியின் நீள அகலம் கொடுத்துக் கொள்ளளவு கேட்டால், தொட்டி இருந்தாலும் அது வேறு இனம்.

இப்படி இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடுவது வெறும் அழகுக்காக இல்லை. மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், ஒரு சிக்கலுக்கு உதவக்கூடிய கதையை முன்கூட்டியே படித்தவர்களில்கூடப் பலருக்கு, 'அந்தக் கதை உதவும்' என்று யாரேனும் சொல்லும்வரை அது நினைவுக்கு வரவில்லை. தெரியாததால் அல்ல, தெரிந்தது வேறு வேஷத்தில் இருந்ததால். ஒரு கதைக்குப் பதில் ஒத்த அமைப்புள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து, பொதுவானதைத் தேடவைத்தபோது, படித்ததைப் புதிய சிக்கலுக்குக் கடத்திக்கொண்டு போவது கூடியது. நீங்கள் எழுதிய 'வேறு வேஷம்' என்ற சொல் ஆய்வாளர்கள் சொல்வதையே சொல்கிறது. வாரத்துக்கு மூன்று சோடிகளை நீங்களே தேடிப் பிடியுங்கள். தேடுவதே பாதிப் பயிற்சி.

இனி மொழி.

தமிழில் யோசிப்பது உங்களை மெதுவாக்குகிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எந்த மொழியில் வாய்ப்பாடு படித்தோமோ அந்த மொழியில்தான் துல்லியக் கணக்கு வேகமாக வரும். ஸ்டானிஸ்லாஸ் டிஹேன், எலிசபெத் ஸ்பெல்கி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் துல்லியமான கூட்டலை எந்த மொழியில் பழகினார்களோ அதிலேயே விரைவாக விடை சொன்னார்கள். தோராய மதிப்பீட்டில் மொழி மாறினாலும் வேகம் குறையவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தமிழில் வந்தால் தமிழிலேயே வரட்டும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பழக்குவது நேர விரயம்.

சில இடங்களில் தமிழ் உங்களுக்குத் துணையே. 'மூன்றில் இரண்டு' என்னும்போது எத்தனையாகப் பிரிப்பது, எத்தனையை எடுப்பது என்று பின்னத்தின் பொருளையே சொல்லிவிடுகிறோம். கொரிய மொழியிலும் பின்னப் பெயர் இதே அமைப்பில்தான். ஐரின் மியூரா குழுவினரின் 1999ஆம் ஆண்டு ஆய்வில், பள்ளியில் பின்னம் கற்குமுன்பே கொரியக் குழந்தைகள் பின்னப் பெயரைப் படத்தோடு பொருத்துவதில் முந்தியிருந்தார்கள். 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்பதை ஆங்கிலச் சொல்வரிசைப்படி எழுதினால் 5 − எக்ஸ் என்று தவறாக வரும். 'எக்ஸைவிட 5 குறைவு' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். எக்ஸ் − 5 என்று கை தானாக எழுதும்.

ஆங்கிலத்தில் உங்களை உண்மையில் தடுக்கக்கூடியவை சின்னச் சின்ன உறவுச் சொற்கள். 'அட் லீஸ்ட் 5' என்றால் 5 அல்லது அதற்கு மேல். 'அட் மோஸ்ட் 5' என்றால் 5 அல்லது அதற்குக் கீழ். 'எக்ஸீட்ஸ் பை' என்றால் இவ்வளவால் மிகுகிறது, 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் முறையே, 'அன்லெஸ்' என்றால் ஒழிய. பழைய கேள்வித்தாள்களைப் புரட்டினால் இப்படி 30 சொற்களுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஒரு தாளில் எழுதி, எதிரே தமிழையும் கணக்குக் குறியையும் போட்டு, யோசிக்காமலே பொருள் தோன்றும்வரை பழகுங்கள். ஆங்கிலத்துக்காக நீங்கள் செலவிட வேண்டிய உழைப்பு இவ்வளவுதான். இதற்குக் காரணம் இருக்கிறது: மனம் ஒரே சமயத்தில் பிடித்துவைத்திருக்கக்கூடிய புது விவரங்கள் சுமார் நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். ஒரு சொல்லின் பொருளைத் தேடுவதிலேயே அந்த இடம் நிரம்பிவிட்டால் கணக்குக்கு இடமில்லை. திறன் குறைவதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்த இடநெருக்கடிதான்.

சொற்கள் வைக்கும் பொறி எந்த மொழியிலும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 'மாலாவிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?' அவசரமாகப் படித்தால் 'அதிகம்' என்ற சொல் கூட்டச் சொல்கிறது. 17 என்று எழுதிவிடுவோம். விடை 7. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று சிறுவயதில் பழக்கிவிடும் குறுக்குவழியின் விளைவு இது. அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே கைவிடுங்கள். பாதி இடங்களில் உதவி, மீதியில் கவிழ்க்கும். மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர் குழுவினர் 1995இல் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, தவறு செய்கிறவர்கள் மறுபடி மறுபடி எண்களுக்கும் 'அதிகம்', 'குறைவு' போன்ற சொற்களுக்குமே திரும்பினார்கள். சரியாகச் செய்கிறவர்கள் மாலா, ரவி போன்ற பெயர்களையும் கூடுதலாகப் பார்த்தார்கள். அதாவது எண்களைப் பொறுக்காமல், நிலைமையை மனத்தில் கட்டினார்கள்.

இன்னொரு பொறி சமன்பாடு எழுதும்போது. 'பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள்' என்பதைச் சமன்பாடாக எழுதுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, பொறியியல் முதலாண்டு மாணவர்களில் 37 விழுக்காட்டினர் தவறினார்கள் என்று ஜான் கிளெமென்ட் குழுவினர் 1981இல் எழுதினார்கள். வழக்கமான தவறு 6 × மா = பே என்று எழுதுவது. அதில் 'மா' மாணவர் என்ற ஆளுக்கு நிற்கிறது: 'ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்.' அது மாணவர்களின் எண்ணிக்கைக்கு நிற்க வேண்டும். அப்போதுதான் மா = 6 × பே என்று வரும். காப்பு எளிது. எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை 'மா = மாணவர்களின் எண்ணிக்கை' என்று முழுதாக எழுதுங்கள்; பிறகு ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பாருங்கள். பேராசிரியர் 10 என்றால் மாணவர் 60 ஆக வேண்டும். ஐந்து நொடி வேலை.

இவையெல்லாம் சேரும் இடம் கணக்கின் முதல் நிமிடம். அதை இப்படிச் செலவிடுங்கள். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். எண்களை 'கொஞ்சம்', 'இன்னும் கொஞ்சம்' என்று மனத்தில் மாற்றிக்கொண்டு, என்ன நடக்கிறது என்பதை மட்டும் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். இரண்டாவது வாசிப்பில் கேட்பது எது, எந்த அலகில் என்பதை எழுதுங்கள். அடுத்து ஒரு கோடோ பெட்டியோ வரைந்து எண்களை அதில் வையுங்கள். கடைசியாக, விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்று ஊகியுங்கள். குழாய்க் கணக்கில், வேகமான குழாய் தனியாகவே 3 மணி நேரத்தில் நிரப்பும், ஆகவே விடை 3க்குக் கீழ். இரண்டுமே வேகமானவையாக இருந்தால்கூட ஒன்றரை ஆகும், ஆகவே அதற்கு மேல். 6ஐயும் 3ஐயும் கூட்டி 9 என்றோ, சராசரி எடுத்து நாலரை என்றோ கை போனால் இந்த எல்லை உடனே தடுத்துவிடும். தொடக்கத்தில் முதல் நிமிடம் மூன்று நிமிடமாக நீளும். கவலை வேண்டாம். ஒரு நாளைக்கு 60க்குப் பதில் 20 கணக்குகள்தான் முடியும், அது போதும்.

விடைமுறைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. புதிய பாடத்தில் தானே முட்டி மோதுவதைவிடத் தீர்த்துக்காட்டிய கணக்கைப் படிப்பதே மேல் என்பதை ஜான் ஸ்வெல்லர் 1980களிலிருந்து பலமுறை காட்டியிருக்கிறார். படிக்கும் விதத்தை மாற்றினால் போதும். விடைமுறையை ஒரு தாளால் மூடி, ஒரு வரி மட்டும் திறந்து, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எழுதிவிட்டு அதைத் திறங்கள். வேறாக இருந்தால் 'ஏன் அப்படி' என்பதற்கு உங்கள் சொல்லில் ஒரு காரணம் எழுதாமல் நகர வேண்டாம். ஒரு விடைமுறை முடிந்ததும் அதே அமைப்புள்ள ஒரு கணக்கைத் துணையில்லாமல் போடுங்கள்.

சிக்கிக்கொண்டால்? தேர்வில் இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டு நகர வேண்டும். வீட்டுப் பயிற்சியில் 15 நிமிடம் கொடுங்கள், ஆனால் ஒரே இடத்தில் வெறித்துக்கொண்டு அல்ல. 'எனக்கு இது தெரிகிறது, இது தெரிந்தால் முடித்துவிடுவேன்' என்று எழுதுங்கள். பாதி நேரம் எழுதும்போதே வழி திறக்கும். திறக்காவிட்டால் எண்களைச் சிறிதாக்கிப் பாருங்கள். கேட்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கொடுத்ததில் பயன்படுத்தாத விவரம் எது என்று தேடுங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவதும் படிப்படியாகத் தீரும் கணக்குகளில் பரவாயில்லை. பார்வையே சட்டென்று மாற வேண்டிய புதிர்களில் மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அங்கே பேச்சு இடைஞ்சல் செய்கிறது என்று ஜொனாதன் ஸ்கூலர் குழுவினர் 1993இல் கண்டார்கள். பதினைந்தும் கடந்தால் எழுந்துபோய் அதிகம் மூளைக்கு வேலையில்லாத ஏதாவது செய்துவிட்டு வாருங்கள். இடைவெளி உதவுகிறது என்பதும், முன்னால் நன்றாக உழைத்திருந்தால் இன்னும் உதவுகிறது என்பதும் 2009இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் முடிவு. திரும்பி வந்தும் வராவிட்டால் விடைமுறையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வியை மெல்லிய குரலில் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் விவரித்ததில் திறன்குறைவுக்கான அறிகுறி எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் புரிகிறது என்றால் தர்க்கம் நன்றாகவே வேலை செய்கிறது. தேர்வறையில் மட்டும் மனம் வெறுமையாகிறது என்றால் அது பதற்றம். புது விவரங்களைப் பிடித்துவைக்க மனத்தில் இருக்கும் அந்த நான்கு இடங்களில் ஒன்றிரண்டைப் பதற்றமும் பறித்துக்கொள்கிறது. தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம், மனத்தில் இருக்கும் பயங்களை ஒளிக்காமல் எழுதியவர்களில் அதிகப் பதற்றக்காரர்களின் மதிப்பெண் உயர்ந்ததை ஹெரார்டோ ராமிரெஸும் சியான் பெய்லாக்கும் 2011இல் காட்டினார்கள். எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுங்கள். சிறுவயதிலிருந்தே கடிகாரம் பார்ப்பது, சில்லறை எண்ணுவது, எண்களை வரிசை மாறாமல் எழுதுவது போன்றவை தொடர்ந்து கடினமாக இருந்திருந்தால் மட்டும், கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் ஒருமுறை முறையான மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்.

முதல் வாரம் புதிய கணக்கு எதுவும் வேண்டாம். சீட்டுகள் எழுதவும், உறவுச் சொல் தாளைத் தயாரிக்கவும் இரண்டு நாள். பிறகு நாளொன்றுக்குப் பத்துச் சீட்டு, அவற்றில் எத்தனையைச் சரியாகக் கண்டுகொண்டீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து மாதிரித் தேர்வு ஒன்று எழுதிவிட்டு, அந்தக் குறிப்பையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்; எந்த வகையில் இன்னும் தடுக்கிறது என்று அதை வைத்துப் பார்க்கலாம்.